பருவப் பாவைகளும் முதியோர் கைகளும்

பொம்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் குழந்தைகளின் நினைவே எவர்க்கும் எழும். ஆயின் ஜப்பான் நாட்டிலே இன்று பொம்மை செய்து மகிழ்வோரில் எழுபதும் எண்பதும் கடந்த முதியோர் பலர். காலையில் வண்டி வந்து அழைத்துச் சென்று, மாலையில் வீட்டு வாயிலிலே கொண்டுவந்து விடும் பகல்நேர முதியோர் நிலையங்கள் அந்நாடெங்கும் உள்ளன. அங்கே பருவத்திற்கொரு பொம்மை உருவாகின்றது. பிப்ரவரியில் தீமையை ஓட்டும் நாளுக்கு அரக்கன் முகமூடி. மார்ச்சில் அரசனும் அரசியும். மே மாதத்தில் கெண்டைமீன் கொடியும் வீரன் தலைக்கவசமும். ஜூன் மாத மழைக்காலத்தில் வெள்ளைத் துணியில் கட்டிய மொட்டைத்தலைப் பொம்மை. ஜூலையில் மூங்கிற் கிளையில் தொங்கவிட வண்ணக் காகிதங்கள்.

அந்த மொட்டைத்தலைப் பொம்மையைச் சன்னலில் தொங்கவிட்டால் மழை நின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் நாட்டிலோ மழை வேண்டிக் கொடும்பாவி கட்டித் தெருவில் இழுப்பர். கோடைதோறும் குடங்களுடன் காத்து நின்று பழகிய தங்கவயல் மக்களுக்கு, மழையை நிறுத்தவும் ஒரு பொம்மை உண்டென்பது வேடிக்கையாகத்தான் தோன்றும்!

இவ்வழக்கம் எங்ஙனம் வளர்ந்தது? நந்திதுர்க்கில் வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? சற்று நோக்குவோம்.

ஜப்பானியரின் பருவப் பொம்மைகளுள் தலையாயது மார்ச் 3ஆம் நாள் கொண்டாடப்படும் ஹினா விழாப் பொம்மையாகும். இதன் வேர் மிகப் பழையது. புல்லாலும் காகிதத்தாலும் மனித உருச் செய்து, அதனால் உடலைத் தடவி, தம் நோயையும் தீங்கையும் அதன்மேல் ஏற்றி ஆற்றில் விட்டுவிடுவது அங்கு முன்னோர் வழக்கம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய கெஞ்சியின் கதையில், இங்ஙனம் பாவையைக் கடலில் விடும் செய்தி வருகின்றது. தொட்டோரிப் பகுதியிலுள்ள மொச்சிகாசே என்னும் ஊரில் காகிதப் பாவை இணையை ஆற்றில் மிதக்கவிடும் வழக்கம் இன்றும் உண்டு.

இதைப் படிக்கும்போது நம் பழந்தமிழ்ப் பெண்களின் நினைவு வாராதிருக்குமோ? கோரைப் புல்லால் பாவை புனைந்ததும், ஆற்று மணலில் வண்டற்பாவை செய்து விளையாடியதும் சங்கப் பாடல்களிலே காணும் செய்திகள். மார்கழியில் கன்னியர் நோற்ற நோன்பிற்குப் பாவை நோன்பு என்றே பெயர். ஈர மணலில் பிடித்த உருவம் நீரிலே கரைந்துபோவது. அவ்வளவில் அதன் பணி முடிந்தது. கடல்கள் பல இடையிட்ட இரு நாட்டினர், ஒருவரை ஒருவர் அறியாமலே பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் பாவையைப் படைத்திருக்கின்றனர்.

17ஆம் நூற்றாண்டு முதல், எடோ ஆட்சிக் காலத்தில், ஆற்றில் விட்ட பொம்மை வீட்டினுள்ளே படியேறி அமர்ந்தது. செல்வர்கள் போட்டியிட்டுப் பெரிய பொம்மைகளைச் செய்விக்கவே, 18ஆம் நூற்றாண்டில் அரசு பொம்மையின் உயரத்திற்கே வரம்பு விதித்தது. நிறைவான வரிசை என்பது சிவப்புத் துணி விரித்த ஏழு படிகளும் பதினைந்து பொம்மைகளும் ஆகும். உச்சியில் அரசனும் அரசியும், அடுத்து அரண்மனைப் பெண்டிர் மூவர், பாடகரும் இசைவாணருமாய் ஐவர், அமைச்சர் இருவர், ஏவலர் மூவர், கீழ்ப்படிகளில் பேழையும் பல்லக்கும். விழா முடிந்தபின் எடுத்து வைக்கத் தாமதித்தால் அவ்வீட்டுப் பெண்ணின் திருமணமும் தாமதமாகும் என்பர்.

நவராத்திரிக் கொலு வைக்கும் இல்லத்தார்க்கு இதில் எதனை விளக்கவேண்டும்? படியும் அதுவே, விரிப்பும் அதுவே. நம் கொலுவில் முதன்மை பெறுவது மரப்பாச்சி இணை. நாம் வாழும் இந்தக் கன்னட நாட்டிலோ அரசன் அரசி வடிவிலான பட்டத பொம்பெ இணையை மணமகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. ஜப்பானிலும் பெண் குழந்தை பிறந்தால் தாய்வீட்டார் ஹினாப் பொம்மை வாங்கித் தருவது மரபு.

செய்முறையிலும் உறவு புலப்படுகின்றது. ஹினாப் பொம்மையின் தலை, மரத்தூளைக் கோதுமைப் பசையில் பிசைந்து அச்சிலிட்டு, சிப்பிச் சுண்ணத்தூள் பூசிச் செய்யப்படுவது. நம் பண்ணுருட்டியிலே களிமண்ணும் காகிதக் கூழும் அவ்வேலையைச் செய்கின்றன. ஜப்பானின் வடகிழக்கில், வெந்நீர் ஊற்றுகளுக்கு வருவோர் வாங்கிச் செல்லவென்று கடைசல் பட்டறையில் உருட்டிய கையும் காலும் இல்லாத கொகேஷிப் பொம்மையைப் பார்த்தால், சன்னபட்டணத்துப் பொம்மையின் உடன்பிறப்போ என ஐயுறத் தோன்றும். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணமேற்றுவது சன்னபட்டணத்து முறை. அவ்வூர்க் கைவினைக்கு ஜப்பானிய முறைகளைக் கற்றுப் புகுத்தியவர் பாவாஸ் மியான் என்று அங்குள்ளோர் சொல்லிவருகின்றனர். முதல் உலகப் போர்க் காலந்தொட்டு ஜப்பானிலிருந்து வந்து குவிந்த மலிவான பொம்மைகள் நம்மவர் கொலுப் படிகளிலும் இடம் பிடித்தன. கண், காது, வாய் பொத்திய குரங்குகள் மூன்றும் நிக்கோ நகர்க் கோயிற் குதிரைலாயத்தில் 17ஆம் நூற்றாண்டிலே செதுக்கப்பட்டவற்றின் வழிவந்தனவே. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை நமக்குத் தெரியும். பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே குரங்கை அமர்த்திய கதை இது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட நாள் தொட்டு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்து சேர்ந்தனர். தட்டிகளால் அமைந்த ஒற்றை அறைக் குடிலில் ஏழு படிக்கு ஏது இடம்? கொலு என்பது பெரும்பாலும் எழுத்தர் வீட்டிலும் வணிகர் வீட்டிலும் நடந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. தொழிலாளர் வரிசைகளில் பருவத்தைக் காட்டியவை பிள்ளையார் சதுர்த்திக் களிமண்ணும், ஆயுத பூசையும், கிறித்துவ இல்லங்களின் மார்கழிக் குடிலும் காகித விண்மீனுமே. அவையும் கையால் ஆனவைதாமே!

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் நடுவண் அரசிடம் சென்று, 2001 பிப்ரவரி இறுதியுடன் மூடப்பட்டன. 121 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்த ஊரில், பிழைப்பு ரயிலேறிப் போயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குச் செல்கின்றது. இரவில் கொண்டுவந்து விடுகின்றது. இவ்விரு வண்டிகளுக்கும் இடைப்பட்ட நீண்ட பகலில் காலனியில் எஞ்சியிருப்போர் யார்? சயனைடு மணல்மேட்டைப் பார்த்தபடி திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவரும் கிழவியருமே. பாறைத்தூள் நெஞ்சில் தங்கி இருமுவோர் அவருட் பலர்.

ஜப்பானியர் இந்நிலையை நமக்கு முன்னரே சந்தித்தனர். 1963இல் முதியோர் நலச் சட்டம் இயற்றினர். 1989இல் பத்தாண்டுத் திட்டமொன்று வகுத்து, 10,000 பகல்நேர நிலையங்களை இலக்காகக் கொண்டனர். அத்திட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? தங்கத் திட்டம்! 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்புறுதியும் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் தங்கத்தின் பெயரால் முதியோரை ஒன்றுகூட்டி முடித்த காலத்தில், தங்கம் எடுத்த நம் முதியோர் வேலையிழந்து வீடு திரும்பினர்.

அந்நிலையங்களில் பொம்மை செய்யப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முட்டையோடு அரசனின் முகமாகும்; பால் அட்டைப்பெட்டி படியாகும்; மடித்த வண்ணக் காகிதம் பட்டாடையாகும். ஒரு கை செயலிழந்தவர் மறு கையால் காகிதத்தை அழுத்திப் பிடிக்க, அடுத்தவர் வெட்டுகின்றார். காலையில் உண்டதை மறந்தவர் விரல், சிறுவயதில் கற்ற மடிப்பை மறவாதிருப்பதும் உண்டு. பெயர்களை நினைவு வைக்கும் ஆற்றல் தேய்ந்தாலும் கைப்பழக்கம் நெடுநாள் நிற்கும் என்று மருத்துவ அறிஞரும் கூறுவர்.

இதனை வெறுக்கும் முதியவரும் அங்கு இல்லாமலில்லை. தம்மைப் பாலர் வகுப்புப் பிள்ளைகளாக்கிவிட்டதாக அவர்கள் மனம் புண்படுகின்றனர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டென்றே கருதுகின்றோம். பொழுது கழிய ஒட்டச்செய்து குப்பையில் எறியும் பொருளில் எவர்க்கு மதிப்புப் பிறக்கும்? செய்த பொம்மை விழா நாளில் வாயிலில் நிற்கவேண்டும். பேத்தி அதனைப் பார்த்து, இது எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவேண்டும்.

அண்டையிலுள்ள கேரளத்தில் பகல் வீடு என்னும் பெயரில் முதியோர் கூடும் இடங்கள் உள்ளன. நம் காலனியில் அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பகலில் திறந்துவிடும் ஓர் அறையும், ஒரு பாயும், குடிநீரும் போதும். ஆடியிலே தொடங்கினால் புரட்டாசிக் கொலுவிற்குப் பொம்மைகள் ஆயத்தமாகும். கொலுவின் கீழே பூங்காவும் குளமும் அமைப்பது வழக்கமன்றோ? இவ்வாண்டு அவ்விடத்தில் நந்திதுர்க் சுரங்கத்தையே அமைக்கலாம் என்பது எம் விருப்பம். தீப்பெட்டியால் கூண்டும், மூங்கிற் குச்சியால் இரும்புக் கோபுரமும், அதன் உச்சியில் சக்கரமும் செய்துவிடலாம். அச்சக்கரம் சுழன்றதை 2001க்குப் பின் பிறந்தோர் கண்டதில்லை. கூண்டில் எத்தனை பேர் நிற்பர், இறக்குவதற்கு எத்தனை மணி, ஏற்றுவதற்கு எத்தனை மணி என்பதைத் திண்ணையில் அமர்ந்திருப்போரைத்தான் கேட்கவேண்டும்.