மொட்டைப் பிரித்த விரல்கள்

புதுச்சேரிக்காரர்களுக்குப் பருத்தி என்றால் ஆலைதான். 1936 ஜூலை 30இல் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 12 ஆலைத் தொழிலாளர்களை இன்றும் நினைவுகூர்கிறோம். சாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவிகளுக்கும் அது தெரியும். நூலுக்கு முந்தைய விதையின் கதைதான் தெரியாது.

1970இல் சூரத் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. பட்டேல், ‘குஜராத் 67’ ரகத்தோடு ‘அமெரிக்கன் நெக்டரிலெஸ்’ ரகத்தைச் சேர்த்து எச்-4 என்ற ரகத்தை உருவாக்கினார். வணிக அளவில் பயிரான உலகின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி அது. பட்டேலை வரலாறு போற்றுவது நியாயமே. ஆனால் ஒட்டின் வீரியம் அமெரிக்க அறிஞர்களுக்கும் தெரிந்ததுதான். அங்கே கூலி கட்டுபடியாகவில்லை. இங்கே கட்டுபடியானது.

பருத்திப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். எனவே மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தைய பிற்பகலில் தேடிப்பிடித்து, இதழையும் மகரந்தத் தாள்களையும் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். சூலகத்தில் நகம் பட்டால் மொட்டு வீண். மறுநாள் காலை ஆண் செடியின் பூவைப் பறித்துவந்து சூல்முடியில் தடவ வேண்டும். பூக்கும் காலம் முழுக்க, மருந்தடித்த வயலில், செடி செடியாக. வேளாண் நூல்கள் இதை ‘ஆண்மை நீக்கம்’ என்கின்றன. கிடைக்கும் விதையோ ‘வீரிய’ விதை! தமிழ் படித்தவளால் இந்தச் சொற்களைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ஆந்திரத்திலும், நம் சேலம், தருமபுரிப் பக்கத்திலும் இந்த வேலைக்கு அதிகம் போனவர்கள் சிறுமிகள். மெல்லிய விரல், செடிக்கேற்ற உயரம் என்று காரணம் சொன்னார்கள். குறைந்த கூலியும், பெற்றோர் வாங்கிய முன்பணமும்தான் உண்மைக் காரணம். பள்ளி நின்றது. தார்வாடில் 1972இல் வந்த ஒட்டு ரகத்துக்கு வைத்த பெயர் ‘வரலட்சுமி’.

ஒட்டு விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். 2002இல் பிடி மரபணுவையும் இங்கே ஒட்டு ரகங்களில்தான் புகுத்தினார்கள். விதை பொறுக்கி, சாம்பல் கலந்து, பானையில் காத்த பெண்ணின் அறிவுக்கு அங்கே வேலை இல்லை.

வேறு வழியும் இருந்தது. 1974இல் கோவையில் வெளியான மிக நீண்ட இழைப் பருத்தி ‘சுவின்’, ‘சுஜாதா’வும் ‘செயின்ட் வின்சென்ட்’டும் சேர்ந்து பிறந்தது. கலப்பில் பிறந்தாலும் பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம். அதன் விதையை விவசாயி வீட்டிலேயே எடுத்துவைக்கலாம். ஆண்டுதோறும் மொட்டைக் கிள்ள வேண்டியதில்லை.