இரண்டு படமும் உண்மைதான்: 1950 நட்ரா கலவரம் தரும் ஊடகப் பாடம்



"பொய்ச் செய்தியைப் பகிராதீர்" என்று வகுப்பில் சொல்கிறோம். மாணவர்களும் கட்டுரையில் அதையே எழுதுகிறார்கள். சரி, பகிர்ந்த படம் உண்மையாகவே இருந்தால்? அதனாலும் தீங்கு வருமா? வரும். 1950 டிசம்பரில் சிங்கப்பூரில் வந்தது. என்ன நடந்தது என்று பார்ப்போம், வாங்க.

மரியா ஹெர்தோக் 1937இல் ஜாவாவில் பிறந்தவள். பெற்றோர் கத்தோலிக்கர்கள். தந்தை டச்சுப் படை வீரர். ஜப்பானியர் 1942இல் அவரைப் போர்க்கைதியாக்கினார்கள். குழந்தை, செ அமினா என்ற பெண்ணிடம் வந்து சேர்ந்தாள். வளர்க்கவே கொடுத்தார்களா, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார்களா என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொன்னார்கள். நட்ரா என்ற பெயரில் அவள் முஸ்லிமாக வளர்ந்தாள். போருக்குப் பின் இருவரும் திரங்கானுவின் கெமாமானில் வாழ்ந்தார்கள்.

1949இல் அவள் இருக்குமிடம் தெரிந்ததும், பெற்றோர் மகளைத் திரும்பக் கேட்டார்கள். வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. இடையில், 1950 ஆகஸ்ட்டில், மன்சூர் அடாபி என்ற ஆசிரியருக்கு அவளை மணம் முடித்தார்கள். அப்போது அவளுக்கு வயது 13. டிசம்பர் 2ஆம் தேதி, திருமணம் செல்லாது, சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு முடியும்வரை அவளைத் தங்கவைத்த இடம், தாம்சன் சாலையில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கன்னிமடம்.

இங்கேதான் பத்திரிகைகள் உள்ளே வருகின்றன. டிசம்பர் 5ஆம் தேதி, 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' என்ற ஆங்கில நாளிதழ், மடத்துத் தலைவியின் கையைப் பிடித்தபடி அவள் நிற்கும் படத்தைப் போட்டது. அவள் மாதா சிலையின் முன் மண்டியிட்டாள் என்றும் தலைப்பிட்டது. டிசம்பர் 7ஆம் தேதி, 'உத்துசான் மெலாயு' என்ற மலாய் நாளிதழ் மூன்று படங்களை வெளியிட்டது. அவற்றில் அவள் அழுகிறாள். ஒரு கன்னியாஸ்திரி தேற்றுகிறார்.

ஒரே சிறுமி, ஒரே இடம், ஒரே வாரம். ஒரு பத்திரிகை வாசகனுக்கு அவள் நிம்மதியாக இருக்கிறாள். இன்னொரு பத்திரிகை வாசகனுக்கு அவள் சிறையில் வாடுகிறாள். எந்தப் படமும் பொய்யில்லை. ஆனால் முழுக்கதை எந்தப் படத்திலும் இல்லை.

டிசம்பர் 11ஆம் தேதி மேல்முறையீட்டு விசாரணை ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. வெளியே திரண்டிருந்த கூட்டம் கொதித்தெழுந்தது. ஐரோப்பியரும் யுரேசியரும் கண்ட இடத்தில் தாக்கப்பட்டார்கள். டிசம்பர் 13க்குள் 18 பேர் மாண்டார்கள். 173 பேர் காயமடைந்தார்கள். மரியாவோ, 12ஆம் தேதியே தாயுடன் நெதர்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டாள்.

மாணவர்களே, தேர்வில் "படங்களால்தான் கலவரம்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். காலனி ஆட்சியின் மீதிருந்த கசப்பு, மத உணர்வை நினைத்துப் பார்க்காமல் மடத்தில் தங்கவைத்த முடிவு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் காவல்துறை செய்த தவறுகள் ஆகியவையும் காரணங்கள். விறகு ஏற்கெனவே அடுக்கியிருந்தது; பத்திரிகைகளின் பரபரப்பு அதற்கு எண்ணெய் ஊற்றியது. பின்னர் அமைந்த விசாரணைக் குழுவும் பத்திரிகைகளின் போக்கைக் கண்டித்தது.

இன்று ஒரு செய்தி பொய்யா என்று பார்க்க, 2017இல் தொடங்கப்பட்ட 'செபெனார்ஞா' தளம் நமக்கு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் உண்மைப் படத்தை ஒரு பக்கமாகக் காட்டினால், "இது பொய்" என்று எந்தத் தளமும் முத்திரை குத்த முடியாது. அந்த வேலை நம்முடையது. புலனத்தில் ஒரு படம் வந்து நெஞ்சு கொதித்தால், பகிரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. எடுத்த பல படங்களில் இதை மட்டும் தேர்ந்தெடுத்தவர் யார்?
2. இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?
3. எதிர்த் தரப்பின் கைப்பேசிக்கு எந்தப் படம் போயிருக்கும்?

ஆசிரியர்களே, வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவிடம் முதல் நாளிதழின் செய்தியையும் மறு குழுவிடம் இரண்டாவதன் செய்தியையும் சொல்லி, ஆளுக்கொரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் உரக்க வாசிக்கட்டும். ஒரே பெண்ணைப் பற்றித்தான் எழுதினோமா என்று அவர்களே கேட்பார்கள்.

அப்போது இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த 13 வயதுப் பிள்ளையின் மனத்தில் என்ன இருந்தது? அதைக் காட்ட எந்தப் படத்தாலும் முடியவில்லை.