இடைவினை வரைபடம்

பல காரணிகளை ஒருங்கே மாற்றிப் பார்க்கும் காரணியச் சோதனையில் ஒரு காரணியின் விளைவு மற்றொன்றைச் சார்ந்திருக்கிறதா என்று காட்டும் கோட்டுப்படம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் இத்தகைய சோதனைகளை வளர்த்தெடுத்தனர். இவற்றைப் பற்றிய யேட்ஸின் நூல் 1937-இல் வெளிவந்தது.

உருளைக்கிழங்கு வயல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். உரமே இடாத பாத்தியின் சராசரி விளைச்சல் 20 அலகு. தழைச்சத்து மட்டும் இட்டால் 24, சாம்பல்சத்து மட்டும் இட்டால் 22, இரண்டும் இட்டால் 34. கிடை அச்சில் தழைச்சத்தை வைத்து, சாம்பல்சத்து இல்லாத பாத்திகளுக்கு ஒரு கோடும் உள்ளவற்றுக்கு ஒரு கோடும் வரைந்தால், முதல் கோடு 4 அலகு ஏறும்; அடுத்தது 12 ஏறும். இணையாக ஓடாத இந்தக் கோடுகளே இடைவினையின் அடையாளம். ஒரு காரணியின் விளைவைத் தனியே காட்டும் முதன்மை விளைவுப் படமோ இவ்விரு ஏற்றங்களின் சராசரியான 8-ஐ மட்டும் காட்டும்; அந்த 8 எந்தப் பாத்தியிலும் விளையவில்லை! எனவே இடைவினைப் படத்தையே முதலில் பார்க்க வேண்டும். கோடுகளின் சிறு விலகல் தற்செயலாகவும் நேரலாம். அதை மாறுபாட்டுப் பகுப்பாய்வால் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.