ஒலி படிக்க எந்த வழி? பெங்களூரில் தேடிய ஒரு பழைய கதை

போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து அக்கா போன். "தம்பி, இவன் பி.இ. வேண்டாங்கான். சவுண்ட் இன்ஜினியரிங்தான் படிக்கணுமாம். உங்க பெங்களூர்லயே ஒரு வருஷ கோர்ஸ் இருக்காம். ஃபீஸ் லட்சக்கணக்குல சொல்லுதான். நகையை வைக்கவா?"

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர், ஊர்க் கொடையில் "ஹலோ... மைக் டெஸ்டிங்" சொல்லும் மைக் செட் அண்ணன் மட்டும்தான். ஆனாலும் நகை விஷயமாச்சே! ஒரு வாரம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததும்தான் தெரிந்தது, இந்தக் கேள்விக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது என்று. அதில் பெங்களூருக்குப் பெரிய பங்கும் இருக்கிறது.

முதலில் மெட்ராஸ். 1931-ல் வந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்ட படம். காரணம், பேசும்பட மெஷின் மெட்ராஸில் இல்லை. 1934-ல் ஏ. நாராயணன் ஸ்ரீனிவாசா சினிடோன் என்று ஒரு ஸ்டுடியோ ஆரம்பித்து 'ஸ்ரீனிவாச கல்யாணம்' எடுத்தார். முழுக்க மெட்ராஸிலேயே தயாரான முதல் பேசும்படம் அது. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனா. வெளியூரிலிருந்து வந்த ஒலிப்பதிவாளருக்கு உதவியாக நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். கோர்ஸ், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. மெஷின் எங்கேயோ, பள்ளிக்கூடமும் அங்கேதான்.

அடுத்ததாகத்தான் பெங்களூர் வருகிறது. 1943-ல் இங்கே ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. மைசூர் அரசு தனக்குத் தர வேண்டியிருந்த இரண்டு லட்சம் ரூபாயை இதற்கே கொடுத்துவிட்டு, "என் பெயர் வேண்டாம், மகாராஜா பெயரை வையுங்கள்" என்று விஸ்வேஸ்வரய்யா சொன்னதாகச் சொல்வார்கள். கே.ஆர். சர்க்கிள் பக்கம் இருக்கும் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக் அதுதான். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் அங்கே டிப்ளமோ பாடங்களாயின. புனே திரைப்படக் கல்லூரி வந்ததே 1960-ல். மெட்ராஸில் இதே மாதிரி பாடங்கள் 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஆரம்பித்தன. இன்று தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியின் ஆரம்பம் அது.

ஒலிக்கு ஏன் பாலிடெக்னிக்? அன்றைய வேலை அப்படி. மைக்கில் விழும் சத்தத்தை மின்சாரமாக்கி, வால்வு ஆம்ப்ளிஃபையரில் பெருக்கி, அதை ஒளியாக மாற்றி ஃபிலிமின் ஓரத்தில் பதிவார்கள். அந்த ஃபிலிமை லேபில் கழுவிய பிறகுதான் சரியாக வந்திருக்கிறதா என்றே தெரியும். தப்பாகியிருந்தால் மறுபடி முதலிலிருந்து! ஆக ஒலிப்பதிவாளர் பாதி எலக்ட்ரீஷியன், பாதி கெமிஸ்ட். 1950-களில் காந்த நாடா ஸ்டுடியோக்களுக்குள் வர ஆரம்பித்த பிறகுதான் எடுத்ததைச் சுலபமாகப் போட்டுக் கேட்க முடிந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பாடம் இருந்தது பெங்களூரில். வேலை இருந்தது வேறு ஊரில். முதல் கன்னடப் பேசும்படம் 'சதி சுலோசனா' (1934) எடுக்கப்பட்டதே கோலாப்பூரில். அதற்கப்புறமும் பல வருஷங்கள் கன்னடப் படங்கள் பெரும்பாலும் மெட்ராஸில்தான் உருவாயின. டிப்ளமோ வாங்கியவர்கள் ரயில் ஏறத்தான் வேண்டும்.

அப்படி ஏறியவர்களில் பெரிய பெயர் வி.கே. மூர்த்தி. மைசூர்க்காரர், வயலினும் வாசிப்பார். அவர் படித்தது ஒளிப்பதிவு என்றாலும் கதை இரண்டு துறைக்கும் பொதுவானது. 1946-ல் டிப்ளமோ முடித்து பம்பாய் போனார். 1951-ல் 'பாஸி' படத்தில் உதவியாளராக இருந்தபோதுதான் குருதத் கண்ணில் பட்டார். அடுத்த வருஷம் 'ஜால்' படத்துக்கு ஒளிப்பதிவாளர். நாட்டின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' (1959) அவர் கைவண்ணம். 2008-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்குத்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கே டிப்ளமோவுக்கும் பெயருக்கும் நடுவே ஆறு வருஷம் எடுபிடி வேலை இருந்திருக்கிறது!

ஒலியிலும் இதே கதைதான். ரசூல் பூக்குட்டி புனேயில் படித்து முடித்தது 1995-ல். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியது 2009-ல்.

பெங்களூரில் ஸ்டுடியோ வசதி மெதுவாகத்தான் வந்தது. 1990-ல் விபத்தில் இறந்துபோன சங்கர் நாக், அண்ணன் அனந்த் நாக்கோடு சேர்ந்து இங்கே சங்கேத் என்ற எலக்ட்ரானிக் ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1996-ல் ஒளி, ஒலிப் பாடங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து பிரிந்து, ஊருக்கு வெளியே ஹெசரகட்டாவில் அரசு திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியாக ஆனது. அதற்குள் கம்ப்யூட்டர் வந்தாச்சு. புரோ டூல்ஸ் மென்பொருள் வெளியானது 1991-ல். மெஷின் லேப்டாப்புக்குள் போன பிறகு, தனியார் அகாடமிகள் தெருவுக்குத் தெரு முளைப்பதில் ஆச்சரியமில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். எந்தக் காலத்திலும் எது கிடைக்க அரிதோ, அதைக் கொடுக்கிற இடம்தான் நல்ல பள்ளிக்கூடம். 1934-ல் அரிதாக இருந்தது மெஷின். 1943-ல் மின்சாரப் படிப்பு. இன்றைக்கு மெஷின் எல்லோரிடமும் இருக்கிறது, பாடம் யூட்யூபில் கிடக்கிறது. அரிதானது நல்ல அறை, பக்கத்தில் உட்கார்ந்து "இந்த இடத்தில் பாஸ் ஜாஸ்தி, கேட்குதா?" என்று சொல்லித்தர ஒரு சீனியர். லட்சம் லட்சமாக வாங்கும் இடம் இந்த இரண்டையும் தராமல் மென்பொருளை மட்டும் சொல்லித்தந்தால், கொடுத்த காசு வீண்.

பையனிடம் பேசினேன்.

"அப்போ கோர்ஸே வேண்டாங்கீங்களா மாமா?"

"படிடா. ஆனா சேருறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கன்சோல் உன் கைக்கு வரும்? சொல்லித்தர்றவர் இன்னும் தொழில்ல இருக்காரா? போன வருஷம் படிச்ச பசங்க இப்ப எங்க இருக்காங்க? தரமணி அரசாங்கக் கல்லூரிக்கும் அப்ளிகேஷன் போடு. எங்க படிச்சாலும் அப்புறம் சில வருஷம் அசிஸ்டென்ட்டாத்தான் நிக்கணும்."

இன்னொன்றும் சொன்னேன். ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்காமல் ஊர் மைக் செட் அண்ணனோடு போ. திறந்தவெளியில் நாலாயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி, ஊளையிடாமல் மைக்கை நிறுத்துவது சின்ன வித்தை இல்லை. ஆர்வம் நிஜமா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

நகை இப்போதைக்கு பீரோவில்தான் இருக்கிறது. பையன் வயர் சுற்றப் போயிருக்கிறான்.