தட்டப்பாறை முகாமும் விமானிகளின் கடிதமும்

குளத்தூர்க்காரனுக்கு விமானி வானத்து ஆள்தான். ஆனாலும் கொள்ளைநோய் அவரையும் எங்கள் கரிசல் கூலியையும் ஒரே கேள்விமுன் நிறுத்தியது என்றே வரலாற்றை வாசிக்கிறேன்.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் வேணும். ஆளோடு சீக்கு வரக்கூடாது. தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில் முகாம் போட்டார்கள். கப்பலேறப்போன கூலிகளை அங்கே நிறுத்திச் சோதித்தார்கள். கங்காணியிடம் பட்ட கடன் முதுகில் இருந்தது. பிளேக்கைச் சுமந்தவை எலியும் தெள்ளும். சந்தேகத்தைச் சுமந்தது கூலி உடல். முகாம்களை மீறி 1914-இல் பிளேக் கொழும்புக்குள் நுழைந்தது.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. மே 7 முதல் வந்தே பாரத் பயணங்களில் ஏர் இந்தியா விமானிகள் அயல்நாட்டில் சிக்கியவர்களை ஏற்றிவந்தார்கள். ஜூலையில் அவர்களுடைய படிகள் வெட்டுப்பட்டன. ஐந்தாண்டுவரை சம்பளமில்லா விடுப்பு என்றொரு திட்டமும் வந்தது. உசுருக்கும் பயம், வேலைக்கும் பயம். 2021 மே மாதம், தடுப்பூசி போடாவிட்டால் வேலையை நிறுத்துவோமென்று அவர்களின் சங்கம் ஒன்று கடிதம் எழுதியது.

இரண்டையும் நான் சமன்படுத்தவில்லை. மலையகத் தோட்டங்களில் கோ. நடேசய்யர் சங்கம் கட்டியதே 1931-இல்தான். தட்டப்பாறையில் நின்றவர்களுக்காகக் கடிதம் எழுத யாருமில்லை. அடுத்த நோய் வரும்போது யாரை நிறுத்திவைப்பது என்று அரசு கேட்கும். நின்ற நாளுக்குக் கூலி யார் தருவது என்று நாம் கேட்கணும்.