பாட்டுக்கு லைன் கொடுத்தவர்கள்

கார்களுக்குள் பாட்டு எப்படி வந்தது என்று காரைக்காலை ஒட்டிய நெரவி, திருமலைராயன்பட்டினம், நாகூர்ப் பக்கம் கேட்டால் கப்பலில் வந்தது, துபாயிலிருந்து வந்தது என்பார்கள். அதில் உண்மை உண்டு. நாகப்பட்டினத்தைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது ரஜுலா கப்பல். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும் வரை. வளைகுடாவுக்குப் போனவர்களும் டேப் செட்டோடு திரும்பினார்கள். ஆனால் பெட்டி வந்து இறங்கியதோடு பாட்டு வந்துவிடவில்லை. வெளியூர்ப் பெட்டியை நம் ஊர் வண்டியில் பாட வைத்தது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வயரிங். வண்டிக்குப் பாட்டு பொருத்தும் தொழிலின் வரலாற்றை அவர் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

அவருக்கு முன் இருந்த சிக்கல் சின்னதல்ல. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் மோட்டோரோலா கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே வண்டியின் மின்சாரமும் பெட்டியின் மின்சாரமும் ஒத்துப்போனதில்லை. வால்வு ரேடியோவுக்கு ஏறத்தாழ இருநூறு வோல்ட் வேண்டும். பேட்டரி தருவதோ ஆறு அல்லது பன்னிரண்டு. நடுவே ‘வைப்ரேட்டர்’ என்ற உறுப்பு மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பியது. டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது, வேறொன்று முளைத்தது. அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த் செட்டை அந்தக் காரின் டேஷ்போர்டு இரும்பில் முடுக்கினால் நேராக ஷார்ட். செட்டுக்கு அடியில் ரப்பர் வைத்துத் தப்பலாம் என்று நினைத்தால், ஏரியல் கேபிளின் மேலுறை மட்கார்டைத் தொடும் இடத்தில் மறுபடி ஷார்ட். முழுத் தீர்வு வேண்டுமானால் பேட்டரி முனைகளை மாற்றி, காயில் வயர்களை மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒரு நொடி மின்சாரம் தொட்டு அதன் துருவத்தையே திருப்ப வேண்டும்.

இந்தக் கரையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். சினிமாப் பாட்டுக்கு இடம் தந்த விவித பாரதி 1957 அக்டோபரில்தான் வந்தது. அந்த இடைவெளியிலும் அதற்குப் பிறகும் காவிரி டெல்டா மக்கள் காது இலங்கை வானொலிப் பக்கம் இருந்தது. கடல் தாண்டி வரும் அந்த ஏ.எம். அலையை வீட்டில் கேட்பது எளிது. ஓடும் பெட்ரோல் வண்டியில் கேட்டால், ஒவ்வொரு பிளக்கும் அடிக்கும் பொறி ரேடியோவுக்குள் ‘டக்டக்’ என்று வரும். இக்னிஷன் காயிலுக்கும் டைனமோவுக்கும் கண்டன்சர் வைத்து, பானெட்டுக்குத் தனியே எர்த் பட்டை கொடுத்த பிறகே பாட்டு தெளியும்.

இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவதெல்லாம் ஒரு வரலாறா என்று சிலர் கேட்கலாம். இருபத்துநான்கு வோல்ட் லாரியைப் பாருங்கள். அதில் இரண்டு பேட்டரிகள் வரிசையாக நிற்கும். பன்னிரண்டு வோல்ட் செட்டுக்கு நடுவிலிருந்து ஒரு வயர் இழுத்தால் அன்றைக்குப் பாட்டு கேட்கும். நாளடைவில் ஒரு பேட்டரி இளைக்கும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். தொழில் தெரிந்தவர் நடுவில் கை வைக்காமல் கன்வெர்ட்டர் போடுவார். டிஜிட்டல் செட் வந்தபோது மஞ்சள் வயர் நிரந்தர லைனுக்கு, சிவப்பு சாவி லைனுக்கு என்றானது. சாவி லைன் வேலையையும் நிரந்தர லைனிலேயே சேர்த்துக் கட்டிவிட்டு, செட்டை அணைக்க மறந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. நெரவியில் கடற்காற்றின் உப்பும் சேரும். முறுக்கிவிட்ட செம்பு இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறும், மின்தடை கூடும், இணைப்பு சுடும். ஈயம் வைத்துப் பற்றி, ஸ்லீவ் போட்டு மூடிய இணைப்பே இங்கே நிற்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு, இந்தக் கைகளால்தானே வண்டிகள் எரிந்தன என்பது. மறுக்க மாட்டேன். பியூஸ் போனதும் சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி வைத்தவர்களும், மெல்லிய வயரில் ஆம்ப்ளிஃபயரைத் தொங்கவிட்டவர்களும் உண்டு. பியூஸ் காப்பது செட்டை அல்ல, வயரை. ஆகவே அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செட்டின் முதுகில் மட்டும் இருந்தால் இடையில் உரசிக் கிழியும் வயருக்குக் காவல் இல்லை. ஆனால் இதைக் கண்டுகொண்டு ஊருக்குச் சொன்னவர்களும் இதே தொழில்காரர்கள்தாம். கெட்ட கொத்தனார் இருந்தார் என்பதற்காகக் கட்டடக்கலைக்கு வரலாறு இல்லை என்று சொல்ல முடியாது.

இன்று செட் கம்பெனியிலிருந்தே வருகிறது. வண்டியின் கம்ப்யூட்டரோடு பின்னிக் கிடப்பதால் வயரை வெட்டவே அஞ்ச வேண்டியிருக்கிறது. தயாரான கப்ளர் வாங்கிச் சொருகினால் வேலை முடிந்தது. காரைக்காலும் அடங்கிய புதுச்சேரியில் பல பொருள்களுக்கு விற்பனை வரி குறைவு என்று தமிழகத்திலிருந்து வந்த கூட்டமும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தக் காரணத்தை இழந்தது. டைனமோவின் துருவத்தைத் திருப்பத் தெரிந்த கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. காரைக்கால் வட்டார வரலாறு எழுதும் நண்பர்கள் பிரெஞ்சு ஆட்சி வந்த 1739ஐயும் அது முடிந்த 1954ஐயும் எழுதும் அதே அக்கறையோடு இந்தப் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.