புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

நெல்லை உலர்த்தி அப்படியே குத்தினால் பச்சரிசி. ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கலரிசி. இவ்வேறுபாடு தமிழ் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒன்று. பொங்கலுக்குப் பச்சரிசி, அன்றாடச் சோற்றுக்கும் இட்டலிக்கும் புழுங்கலரிசி என்ற வழக்கத்துக்கு அப்பால் இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பல்லாயிரவர் பிழைத்ததும் மாண்டதும் இந்த வேறுபாட்டினாலேயே. அதனைக் கண்டறிந்த ஆராய்ச்சிகளுள் மிக முக்கியமான இரண்டு கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலான் காட்டிலும் நடைபெற்றன. இன்று வைட்டமின் என்று உலகமெல்லாம் வழங்கும் அறிவுத்துறைக்கு அடிப்படையிட்ட முயற்சிகளில் அவற்றுக்குச் சிறப்பான இடம் உண்டு.

நோயும் கிருமிக் கொள்கையும்

பெரிபெரி நோய் இரு வடிவில் வரும். ஒன்றில் கால்கள் மரத்து, தசைகள் சூம்பி, நடை தளர்ந்துபோகும். மற்றொன்றில் உடலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, இதயம் சோர்ந்து நோயாளி திடீரென்று இறப்பான். 'இயலாது' என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே இந்நோய் பெருவாரியாகப் பரவியிருந்தது. சிறைச்சாலைகளும் மனநோயாளர் விடுதிகளும் இதற்குத் தப்பவில்லை.

பாஸ்டரும் காக்கும் நோய்க்கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிந்த காலம் அது. ஆகவே, பலர் கூடி வாழும் இடத்தில் பலரை ஒருங்கே தாக்கும் நோய்க்கு ஏதேனும் ஒரு கிருமியே காரணமாக இருத்தல் வேண்டும் என்று மருத்துவர் பலர் முடிவு கட்டிவிட்டனர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் என்பாரும் பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே வாதிட்டார்.

ஜாவாத் தீவில் கிடைத்த தடயங்கள்

டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாவிலும் முதலில் கிருமியைத்தான் தேடினார்கள். பத்தாவியா நகரில் அப்பணியில் ஈடுபட்டிருந்த எய்க்மன் என்னும் மருத்துவர், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டார். சில காலம் சென்றதும் அவை தாமே தேறிவிட்டன. காரணத்தைத் துருவியபோது தீவனத்தில் நேர்ந்த மாற்றம் தெரியவந்தது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெண்சோற்றை உண்ட நாளில் கோழிகள் நோயுற்றன. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுக்கவே, தவிடு நீங்காத அரிசியைத் தின்று அவை பிழைத்தன.

கோழிக்கு உண்மையாவது மனிதனுக்கும் உண்மையாகுமா? அதனை அறிய வோர்டர்மன் என்னும் மருத்துவ அதிகாரி ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளில் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,80,000 கைதிகள் அக்கணக்கில் அடங்குவர். வெள்ளையாகத் தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தார்; தவிட்டுத் தோல் நீங்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரே. 1901ஆம் ஆண்டில் கிரைன்ஸ் என்பார், உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் வெள்ளை அரிசியில் குறைந்திருப்பதே நோய்க்குக் காரணம் என்று எழுதினார். டச்சு மொழியில் வெளிவந்த அக்கருத்து வெளியுலகில் அப்பொழுது எடுபடவில்லை.

பிராடன் கண்ட வேறுபாடு

அதே காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், தம்மிடம் வரும் நோயாளிகளை இனவாரியாகக் கவனித்து வந்தார். சீனர் பெருந்தொகையினராக நோயுற்றனர். கிராமங்களில் வாழ்ந்த மலாய்க்காரரிடம் நோய் அரிது. தமிழரிடமும் அரிதே. மூவினத்தாரும் ஒரே நாட்டில் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்பவர்கள். மூவருக்கும் சோறே உணவு. அவ்வாறிருக்க இவ்வேறுபாடு ஏன்?

அவரவர் உண்ட அரிசியைப் பார்த்தபோது விடை புலப்படலாயிற்று. சீனத் தொழிலாளர் உண்டது சயாம் முதலிய நாடுகளின் ஆலைகளில் தீட்டப்பட்டு, மூட்டைகளில் நாட்பட்டுக் கிடந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைத்த தமிழரோ, தாயகத்து வழக்கப்படி புழுங்கலரிசியையே விரும்பி வாங்கினர். 1907ஆம் ஆண்டில் பிராடன் இக்கருத்தை விரிவான நூலாக வெளியிட்டார். எனினும், அரிசி நாட்பட்டுக் கெடுவதால் அதில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது என்று அவர் கொண்ட காரணம் பிழையாயிற்று. அவர் கண்ட காட்சி மெய். கற்பித்த காரணம் பொய். ஆராய்ச்சி வரலாற்றில் இவ்வாறு நேர்வது புதிதன்று.

கோலாலம்பூர் விடுதியில் ஒரு சோதனை

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் பணியைக் கோலாலம்பூரில் பிளெட்சர் என்னும் மருத்துவர் மேற்கொண்டார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அங்கிருந்த மனநோயாளர் விடுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றவர் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் பெற்றவர் மறுபக்கம். ஒரு சாரார்க்குச் சயாம் வெள்ளை அரிசி. மற்றவர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. ஏனைய கறிகளும் உடையும் வேலையும் ஒன்றே. கட்டடத்தில்தான் கிருமி ஒளிந்திருக்கிறது என்று எவரும் சொல்லிவிடாதபடி, நடுவில் இரு சாராரையும் இருப்பிடம் மாற்றி வைத்தார்.

ஓராண்டுக்குப் பின் கிடைத்த முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதியில் சேரும்போதே நோயுடன் வந்தவர்கள். அவர்களுள் எவரும் பெரிபெரியால் இறக்கவில்லை.

இச்சோதனையின் சிறப்பைப் பேசும்போது அதன் விலையையும் மறைத்தல் ஆகாது. அந்த 18 பேரும் தம் மனத்தைத் தாமே அறிவிக்க இயலாத நோயாளிகள். சோதனைக்கு உடன்படுகிறீர்களா என்று கேட்டு இசைவு பெறும் முறை அன்று இல்லை. ஒரு சாரார் மடிந்துகொண்டிருக்கும்போது சோதனையைத் தொடர்வதற்கு இன்றைய ஆராய்ச்சி நெறி இடந்தராது. சுவையற்றதென்று எவரும் பொருட்படுத்தாத ஒரு பிடி தவிட்டின் அருமையை உலகம் அறிந்துகொள்வதற்கு அவர்கள் உயிர் செலவாயிற்று.

காட்டுப் பாதையில் முந்நூறு பேர்

விடுதியில் கண்டதை வெளியிலும் நிறுவ வேண்டியிருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்துக்குச் சென்றனர். அங்கே காடு வெட்டிப் பாதை போடுவதற்கு ஜாவாவிலிருந்து ஏறத்தாழ 300 தொழிலாளர் வந்திருந்தனர். குடியிருப்போ மக்கள் முன்பு வாழ்ந்திராத புதிய இடம். ஆகவே பழைய தொற்று என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு கூட்டத்தார்க்கு வெள்ளை அரிசியும் மற்றொரு கூட்டத்தார்க்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன.

ஏறத்தாழ மூன்று திங்களில் வெள்ளை அரிசி உண்டவரிடையே பெரிபெரி தலைகாட்டியது. அவர்க்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் புதிதாக எவரும் நோயுறவில்லை. நோயாளிகள் இருந்த இடத்தில் புழுங்கலரிசி உண்பவர் தங்கியபோதும் நோய் தொற்றவில்லை. பின்னர், அதுவரை நலமாயிருந்த கூட்டத்தார்க்கு வெள்ளை அரிசி அளிக்கப்பட்டது; அவரிடமும் நோய் தோன்றியது. 1909ஆம் ஆண்டில் இவ்வறிக்கை வெளிவந்தது.

அடுத்து அவ்விருவரும் கோழிகளைக் கொண்டு நச்சுக் கொள்கையைச் சோதித்தனர். அன்றன்று புதிதாகத் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகளும் நோயுற்றன. எனவே, அரிசி கெட்டுப்போவது காரணமன்று. புழுங்கலரிசியிலிருந்து சாராயத்தில் கரையும் சத்தைப் பிரித்தெடுத்துவிட்டால், அவ்வரிசியும் காக்கும் ஆற்றலை இழந்தது. ஆகவே, தீட்டும்போது கழியும் பகுதியோடு உயிர்காக்கும் ஒரு பொருள் போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருள் இன்னதென்று அவர்க்குத் தெரியாது. ஆயினும், அரிசியிலுள்ள பாஸ்பரஸ் அளவை அளந்தால் தீட்டலின் மிகுதி குறைவை அறியலாம் என்று நடைமுறைக்கு உகந்த ஓர் அளவுகோலை வகுத்துத் தந்தனர்.

1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, வெள்ளை அரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று ஏற்றது. 1912இல் பங்க் என்பார் 'வைட்டமின்' என்ற பெயரைப் படைத்தார். 1926இல் ஜான்சன், டோனாத் இருவரும் பத்தாவியாவில் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் வில்லியம்ஸ் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார். தயமின் எனப்படும் பி1 வைட்டமின் அதுவே. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது.

முன்னோர் அறிந்ததும் அறியாததும்

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். தீட்டிய பச்சரிசியைப்போல் இரண்டு மூன்று மடங்கு தயமின் புழுங்கலரிசியில் இருப்பதற்கு இதுவே காரணம். உடலோ இச்சத்தைச் சில வாரங்களுக்கு மட்டுமே சேமித்து வைக்கவல்லது.

அவ்வாறாயின், தமிழர் முன்னோர் வைட்டமினை அறிந்திருந்தனர் எனலாமா? அவ்வாறு கூறுதல் வரலாறாகாது. அவித்த நெல்லின் உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது, வண்டு அரிப்பது குறைவு, சோறும் குழையாது. வழக்கம் நிலைபெறுவதற்கு இப்பயன்களே போதும். உயிர்காக்கும் பயன் அதனுள் மறைந்து கிடந்தது. கையாண்டவர்க்குக் காரணம் தெரியாது. காரணம் தேடியவர்க்கோ அந்த வழக்கத்தின் அருமை நெடுநாள் தெரியவில்லை. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் அறிவு பிறந்தது. வழக்கம் நோயைத் தடுத்தது. ஏன் தடுத்தது என்பதை எண்ணிக்கையும் ஒப்பீடும் சோதனையுமே எடுத்துக்காட்டின.

காரணத்தை அறியாத வழக்கம் எத்துணை எளிதில் கைநழுவிப்போகும் என்பதற்கு மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே கொடிய சான்று உண்டு. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே கிடைத்தது அளவிலும் சத்திலும் குறைந்த வெள்ளை அரிசிச் சோறு. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களை வாட்டியது. தமிழரைக் காத்தது இனமோ குருதியோ அன்று, உண்ட அரிசியே என்பதை அத்துன்பம் மறுமுறையும் மெய்ப்பித்தது.

முடியாத கதை

பெரிபெரி பழங்கதை ஆகிவிடவில்லை. கம்போடியாவிலும் லாவோசிலும் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழும் தாய்மாரின் பாலில் தயமின் குறைவதால் கைக்குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாவதை இருபத்தோராம் நூற்றாண்டு ஆய்வுகளும் எடுத்துக்காட்டியுள்ளன. அந்நாட்டு மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மீன்சாற்றிலும் உப்பிலும் தயமினைக் கலந்து வழங்கிப் பார்க்கும் சோதனைகள் கம்போடியாவில் நடைபெற்றன. மீன்சாற்றுச் சோதனையின் முடிவு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உண்ட பெண்களின் குருதியில் தயமின் உயர்ந்திருந்தது. மக்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டறிவது சமுதாய அறிவியல். உடலில் அது என்ன செய்கிறது என்று அளப்பது இயற்கை அறிவியல். இரண்டையும் இணைத்து வழி காண்பது பயன்முறை அறிவியல். பிராடனும் பிளெட்சரும் பிரேசரும் ஸ்டாண்டனும் மலாயாவில் சென்ற வழியும் இதுவே.

பள்ளியில் வைட்டமின் பாடம் நடத்தும் ஆசிரியர், எய்க்மனின் கோழிகளோடு கதையை முடித்துவிடுதல் வழக்கம். கோலாலம்பூர் விடுதியில் இரு வரிசையாக நின்றவர்களையும், ஜெலுபுக் காட்டில் பாதை போட்டவர்களையும், வீட்டு முற்றத்தில் நெல் அவித்த பெண்களையும் அப்பாடத்தில் சேர்த்துச் சொன்னால், மாணவர்க்கு வரலாறு முழுமையாக விளங்கும்.